யானை வேட்டையும் குறும்பூழ் வேட்டையும்

மேலே வரவேண்டும், பெயர் எடுக்கவேண்டும், பிறரினும் முந்தி நிற்கவேண்டும் என்னும் எண்ணம் மக்கட்பிறப்புக்கு இயல்பானது. இதனை நன்மை என்பதா, தீமை என்பதா? தமிழ் நூல்களைக் கொண்டு இவ்வினாவிற்கு விடை காணப் புகுவோர் முதலில் திகைப்பே எய்துவர். திருக்குறளின் 37-ஆம் அதிகாரம் அவாவறுத்தல்; 60-ஆம் அதிகாரம் ஊக்கமுடைமை. முன்னது, அவாவே பிறவித் துன்பத்திற்கு வித்து எனக் கூறி அதனை வேரோடு களையச் சொல்கிறது. பின்னது, எண்ணுவன எல்லாம் உயர்வாகவே எண்ணுக, எண்ணியது கைகூடாது போயினும் அவ்வெண்ணத்தைக் கைவிடற்க என்கிறது. ஒரே ஆசிரியர் ஒரு நூலிலேயே, ஒரு கையால் அணைத்து மறு கையால் அடிக்கின்றாரோ என்று மாணவன் கேட்டால் ஆசிரியர் என்ன விடை கூறுவது?

இடம் நோக்கிப் பொருள் கொள்ளின் முரண் நீங்கும். அவாவறுத்தல் துறவறவியலில் நிற்பது. அனைத்தையும் துறந்தவனுக்கு உரியது. இல்லறத்தானுக்கு வள்ளுவர் விதித்தது 18-ஆம் அதிகாரமாகிய வெஃகாமை. பிறனுக்குரிய பொருளைக் கவர நினையாதே என்பதே அதன் கருத்தன்றி, ஒன்றையும் விரும்பாதே என்பதன்று. ஊக்கமுடைமையோ பொருட்பாலில், அரசியலில் நிற்பது. செயலாற்ற வேண்டியவனுக்கு உரியது. எனவே அவா, வெஃகல், ஊக்கம் என்பன ஒரு பொருட் பன்மொழி அல்ல. இக்காலத்தில் இம்மூன்றையும் 'ஆசை' என்னும் ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடுவதால்தான் குழப்பம் நேர்கிறது. பள்ளிகளில் 'என் இலட்சியம்' என்று கட்டுரை எழுதச் சொன்னால், முப்பது பிள்ளைகளில் இருபது பிள்ளைகள் மருத்துவராவேன் என்றே எழுதுகின்றனர். அந்த இருபதில் நோயாளியைப் பற்றி ஒரு வரியேனும் எழுதியவர் எத்தனை பேர் என்று பார்த்தால், ஊக்கம் எது, அவா எது என்பது அங்கேயே விளங்கிவிடும்.

நடுவுநிலைமை என்ற சொல்லையும் இங்கே சற்றுத் தெளிவுபடுத்திக்கொள்ளல் நன்று. நன்மைக்கும் தீமைக்கும் நடுவே, இதில் பாதி அதில் பாதியாக நிற்பதே நடுவுநிலை என்று கருதுவாரும் உளர். வள்ளுவர் 12-ஆம் அதிகாரத்தில் துலாக்கோலை உவமையாக்கியது அப்பொருளில் அன்று. துலாக்கோல் முதலில் தான் கோடாது சமனாக நிற்கின்றது. பின்பு தன்மேல் வைத்த பொருளின் எடையை உள்ளவாறு காட்டுகின்றது. எடை மிகுந்த பக்கம் தாழத்தான் செய்யும், தாழவேண்டும். தாழாத கோல் பழுதுபட்ட கோல். ஆகவே நடுவுநிலை என்பது எடை போடுமுன் இருக்கவேண்டிய நிலை. எடை தெரிந்தபின் நன்மையின் பக்கம் சாய்வதே அதன் பயன். ஒருவன் தன் ஆசையையே தட்டில் வைத்து எடை பார்க்கும்போது கோல் கோடாமல் இருப்பது அரிதினும் அரிது. அரசுரிமையை எடை போட்ட மன்னர் சிலரைப் புறநானூறு நம் முன் நிறுத்துகின்றது. அவருள் தலையாயவன் கோப்பெருஞ்சோழன்.

உறையூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட இச்சோழன் தானே புலவன், புலவர்க்கு நண்பன். இவனுடைய மக்கள் இருவர் இவனுக்கு எதிராகப் படைகொண்டு எழுந்தனர். சோழனும் சினந்து அவர்மேற் போருக்குப் புறப்பட்டான். அவ்வேளையில் புல்லாற்றூர் எயிற்றியனார் என்னும் புலவர் அவனைத் தடுத்துப் பாடியதே புறநானூற்றின் 213-ஆம் பாட்டு. உ. வே. சாமிநாதையர் 1894-இல் இந்நூலை அச்சிட்டு வெளியிட்டிராவிடின் இவ்வரலாறு ஏட்டுச் சுவடியிலேயே அடங்கிக் கிடந்திருக்கும்.

எயிற்றியனார் அறிவுரை கூறும் முறை ஆசிரியர்கள் ஊன்றிக் கற்கத்தக்கது. எடுத்த எடுப்பில், மக்களோடு போரிடுவது பாவம் என்று அவர் சொல்லவில்லை. சினங்கொண்டு நிற்பவனிடம் அது எடுபடாது. முதலில் அவனுடைய வெற்றிகளைக் கூறி விளிக்கின்றார். பின்பு, உன்மேல் வந்திருக்கும் இவ்விருவரும் தொன்றுதொட்டு வந்த உன் பகைவர் அல்லர். நீயும் அவர்க்கு அத்தன்மையன் அல்லை என்று உறவை நினைவூட்டுகின்றார். நீ புகழெய்தி மேலுலகம் சென்றபின் இந்நாடு யாரைச் சேரும்? அவர்களைத்தானே சேரும்? இது நீ அறியாதது அன்று என்கிறார்.

இதன்பின் வருவதே பாட்டின் உயிர்நிலை. எண்ணிப் பாராது எழுந்துவிட்ட இவ்விளைஞர்கள் போரில் தோற்றால் உன் பெருஞ்செல்வத்தை யாருக்கு விட்டுச் செல்வாய்? நீ தோற்றாலோ, உன்னை இகழ்வோர் மகிழும்படி பழியை விட்டுச் செல்வாய். வென்றால் செல்வம் கேட்பாரற்றுப் போகும். தோற்றால் பழி நிலைக்கும். துலாக்கோலின் இரண்டு தட்டையும் தூக்கிக் காட்டிவிட்டார் புலவர். இரண்டிலும் ஆதாயம் இல்லை. ஆகவே போரை ஒழி, விரைந்து எழு என்கிறார். எதற்காக எழவேண்டும்? மேலுலகத்துச் சான்றோர் உன்னை விருந்தாக எதிர்கொள்ளுமாறு நல்வினை செய்தற்காக.

இவ்விடத்தில் நுட்பம் ஒன்று உண்டு. புலவர் மன்னனின் ஆசையை அணைத்துவிட முயலவில்லை. புகழை விரும்புகின்றவனே என்னும் பொருள்பட அவனை விளிக்கின்றார். அதாவது, உன்னிடம் புகழாசை இருக்கின்றது என்று முகத்துக்கு நேரே ஒப்புக்கொள்கின்றார். அந்த ஆசை போர்க்களத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அதே வேகத்தோடு அதனை வேறு வாய்க்காலில் திருப்பிவிடுகின்றார். பெருகி வரும் வெள்ளத்தைத் தடுப்பதைவிடத் திருப்புவது எளிது என்பதை உழவர் அறிவர், எயிற்றியனாரும் அறிந்திருக்கின்றார்.

இவ்வறிவுரைக்குச் சோழன் நேரே கூறிய மறுமொழி பாட்டாக இல்லை. நூலைத் தொகுத்தோர் அடுத்து வைத்த 214-ஆம் பாட்டு, அவன் வடக்கிருந்தபோது பாடியது. வடக்கிருத்தலாவது, வடதிசை நோக்கி அமர்ந்து உண்ணாநோன்பு பூண்டு உயிர்விடுதல். போருக்குப் புறப்பட்டவன் வடக்கிருந்தவனாக மாறியதற்கு எயிற்றியனார் பாட்டே காரணம் எனப் பாட்டுகளின் வரிசையைக் கொண்டே கொள்ளவேண்டியுள்ளது.

அந்த 214-ஆம் பாட்டில்தான் யானை வேட்டை வருகின்றது. நல்வினையைச் செய்வோமா, வேண்டாமா என்று ஐயுற்றுக்கொண்டே இருப்பவர் மாசு படிந்த பார்வை நீங்காதவர், துணிவில்லாதவர் என்று மன்னன் தொடங்குகின்றான். யானையை வேட்டையாடச் சென்றவன் யானையையும் பெறுவான்; குறும்பூழ் என்னும் சிறுபறவையைப் பிடிக்கச் சென்றவன் வெறுங்கையோடும் திரும்புவான் என்கிறான். காடைச் சாதியைச் சேர்ந்த சின்னஞ்சிறு பறவை அது. பிடித்தாலும் ஒருவேளைக் கறிக்குக் காணாது.

இவ்விரண்டு தொடர்களிலும் வரும் உம்மையை மாணவர்க்கு எடுத்துக்காட்டல் வேண்டும். யானையும் பெறுவான் என்றால் பெறாமலும் போகலாம் என்னும் எதிர்மறைப் பொருள் அதனுள் அடங்கிக் கிடக்கின்றது. வெறுங்கையோடும் வருவான் என்றதும் அவ்வாறே. ஆகவே பெரிதாக எண்ணியவனுக்கு வெற்றி உறுதி என்று மன்னன் பொய்யுறுதி எதுவும் கூறவில்லை. இருவருக்கும் தோல்வி நேரக்கூடும். சிறியதை நாடியவனுக்குத் தோல்வி வாராது என்று எண்ணுகிறோமே, அவ்வெண்ணத்தைத்தான் அவன் உடைக்கின்றான். வள்ளுவரும் படைச்செருக்கு அதிகாரத்தில் இதனையே சற்று வேறுபடக் கூறுவார்: காட்டு முயல்மேல் பட்ட அம்பைக் காட்டிலும் யானையைத் தப்பவிட்ட வேலை ஏந்துவது இனிது என்பது அவர் கருத்து.

வேட்டம் என்னும் சொல் தமிழில் வேட்டையையும் குறிக்கும், விருப்பத்தையும் குறிக்கும். வேட்கை என்பதும் அதன் உறவுச் சொல்லே. உயர்ந்த வேட்டம் உடையவர்க்கு என்று மன்னன் தொடரும்போது வேட்டை என்ற உவமை தானாகவே விருப்பம் என்ற பொருளுக்குள் கலந்துவிடுகின்றது. அத்தகையோர்க்கு என்ன கிடைக்கும்? மன்னன் படிப்படியாக எண்ணுகின்றான். நல்வினைக்குப் பயன் உண்டென்றால் மேலுலக இன்பம் கிட்டலாம். அவ்வின்பம் இல்லையென்றால் மறுபிறப்பு இல்லாத நிலை கிட்டலாம். மறுபிறப்பு என்பதே இல்லையென்றாலும், இமயத்தின் உயர்ந்த கொடுமுடி போலப் புகழை நட்டுவிட்டுத் தீதற்ற உடம்போடு மாய்வது மிகவும் சிறந்தது. மேலுலகம் உண்டா, மறுபிறப்பு உண்டா என்று வழக்காடிக்கொண்டிருக்க அவனுக்கு நேரமில்லை, வடக்கிருந்துவிட்டான். உண்டு என்றாலும் இல்லை என்றாலும் தான் செய்யவேண்டியது ஒன்றுதான் என்று கண்டுகொண்டான். சமயக் கொள்கைகளில் வேறுபட்டோரும் ஒருங்கே ஏற்கக்கூடிய அறநெறி ஒன்றை இத்துணைச் சில அடிகளில் அடக்கியது வியப்பே.

இனி, தட்டின் மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். தந்தை வடக்கிருந்ததால் போர் நின்றது, சரி. ஆனால் எண்ணிப் பாராத இளைஞர் என்று புலவரே சுட்டியவர்களிடம் நாடு போய்ச் சேருமே, குடிகளின் கதி என்ன என்று ஒருவர் கேட்பின் அக்கேள்வி பொருந்துவதே. எயிற்றியனார் பாட்டில் குடிமக்களின் பேச்சு மிகுதியாக இல்லை. அங்கே தந்தையும் மக்களும் புகழும் பழியுமே முன்னிற்கின்றன. குடிமக்கள் படும் பாட்டை அறிய விரும்புவோர் கோவூர் கிழாரிடம் செல்லவேண்டும்.

சோழர் குடியிலேயே பிறந்த நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் அரசுரிமைக்காகப் பொருதனர். நெடுங்கிள்ளி ஆவூர்க் கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தபோது கோவூர் கிழார் பாடியது 44-ஆம் பாட்டு. யானைகள் நீராடவும் வழியின்றி, நெய் கலந்த சோற்றுக் கவளமும் இன்றிக் கட்டுத்தறியில் நிலைகொள்ளாது தவிக்கின்றன. பாலில்லாமல் குழந்தைகள் அலறுகின்றன. மகளிர் பூவற்ற கூந்தலை வெறுமனே முடிகின்றனர். நீரில்லாத வீடுகளில் அழுகுரல் எழுகின்றது. இவற்றையெல்லாம் சொல்லிவிட்டுப் புலவர் மன்னனிடம் கூறுவது இதுதான்: அறத்தை மேற்கொள்வாயானால், இந்நாடு உன்னுடையது என்று சொல்லிக் கதவைத் திற, மறத்தை மேற்கொள்வாயானால், போருக்கு என்று கதவைத் திற. இரண்டும் இல்லாமல் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடப்பது நாணத்தக்கது. அறத்துக்கும் மறத்துக்கும் நடுவே பதுங்குவது நடுவுநிலை ஆகாது என்பதற்கு இதனினும் கூரிய சான்று வேண்டுவதில்லை. ஒருவனது ஆசையும் அச்சமும் சேர்ந்து அடைத்த கதவுக்குள் பால் இல்லாமல் அழுதது அவன் குழந்தை மட்டுமன்று.

பின்னர் நெடுங்கிள்ளி உறையூரில் அடைபட்டிருந்தபோது இருவரையும் நோக்கிக் கோவூர் கிழார் பாடியது 45-ஆம் பாட்டு. உன்னோடு பொருபவன் சேரனின் பனம்பூவைச் சூடியவன் அல்லன்; பாண்டியனின் வேப்பந்தாரை அணிந்தவனும் அல்லன். உன் கண்ணியும் ஆத்தி; அவன் கண்ணியும் ஆத்தி. யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி. இருவரும் வெல்வது இயற்கையில் இல்லை. உங்கள் செயல் பிற மன்னர்க்கே உடல் பூரிக்கும் உவகையைத் தரும் என்கிறார். எயிற்றியனார் சொன்னதும் ஏறத்தாழ இதுவே. ஆயின் ஒருவன் கேட்டான். மற்றவர் கேட்டதாகத் தெரியவில்லை. நெடுங்கிள்ளிக்குப் புலவுலகம் இட்ட அடைமொழி 'காரியாற்றுத் துஞ்சிய' என்பது. காரியாறு என்னுமிடத்தில் அவன் மாண்டான் என்பதே அதன் பொருள்.

நலங்கிள்ளி தானே பாடிய 73-ஆம் பாட்டு அவனது உள்ளத்தைத் திறந்து காட்டுகின்றது. பணிந்து வந்து அடிபொருந்தி இரந்தால் இவ்வரசைக் கொடுப்பது எளிது, உயிரையும் கொடுப்பேன். என் ஆற்றலை மதியாது இகழ்பவனை மட்டும் விடமாட்டேன் என்று வஞ்சினம் கூறுகின்றான். ஆகவே அவன் விரும்பியது மண் அன்று. தன்னை எவரும் சிறிதாக எண்ணிவிடக் கூடாது என்பதே அவன் வேட்கை. பொருளாசையினும் இது கொடிது எனல் பொருந்தும். பொருளாசைக்குப் பொருள் கிடைத்தால் ஒரு வேளையேனும் அடக்கம் உண்டு. பிறர் மதிப்பில் தொங்கும் ஆசைக்கு அந்த ஒரு வேளையும் இல்லை. சங்கங்களிலும் பள்ளிக் குழுக்களிலும் நாற்காலிக்காக நிகழும் பூசல்களைக் கண்டோர்க்கு நலங்கிள்ளி புதியவன் அல்லன்.

அப்படியாயின் புகழை விரும்பிய கோப்பெருஞ்சோழனுக்கும் மதிப்பை விரும்பிய நலங்கிள்ளிக்கும் வேற்றுமை யாது? 182-ஆம் பாட்டு இதற்கு அளவுகோல் தருகின்றது. கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி பாடியது அது. இவ்வுலகம் யாரால் நிலைபெற்றிருக்கிறது என்று அவன் கணக்கிடுகின்றான். புகழ் என்றால் உயிரையும் கொடுப்பவர். பழி என்றால் உலகம் முழுவதும் கிடைப்பதாயினும் கொள்ளாதவர். தமக்கென முயலாது பிறர்க்கென முயல்பவர். இத்தகையோர் இருப்பதால்தான் உலகம் இருக்கின்றது என்கிறான். முயற்சியை அவன் குறைக்கவில்லை; யாருக்காக என்பதை மட்டுமே மாற்றுகின்றான். வினைத்தூய்மை அதிகாரத்தில் வள்ளுவரோ இன்னும் கடுமையானவர். பெற்ற தாயின் பசியைக் காண நேர்ந்தாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்கிறார். தாயின் பசியைவிட நியாயமான காரணம் ஒன்று இருக்க முடியுமா? அதையும் தட்டில் வைத்துப் பார்த்துவிட்டே அவர் அவ்வாறு சொல்கிறார்.

190-ஆம் பாட்டில் சோழன் நல்லுருத்திரன் காட்டும் எலியும் புலியும் இங்கே நினைக்கத்தக்கன. விளைந்த வயலில் பிறர் உழைப்பால் முற்றிய கதிரை இழுத்துச் சென்று தன் வளை நிறைய வைத்துக்கொள்வது எலி. புலியோ, தான் அடித்த பன்றி இடப்பக்கம் வீழ்ந்தால் அன்று உண்ணாது பசித்திருந்து, மறுநாள் எழுந்து யானையை வலப்பக்கம் வீழ்த்தி உண்ணும். எலியின் முயற்சியை முயற்சி இல்லை என்று கூற இயலாது. அது இரவெல்லாம் ஓடியாடி உழைக்கத்தான் செய்கின்றது. ஆனால் எலிக்கு வேண்டாதது என்று ஒன்று இல்லை. புலிக்கோ பசித்த வயிற்றோடும் வேண்டாம் என்று சொல்லத் தெரிகின்றது.

மீண்டும் கோப்பெருஞ்சோழனிடம் வருவோம். அவன் வடக்கிருந்தபோது, பாண்டிநாட்டுப் பிசிர் என்னும் ஊரிலிருந்து தன் நண்பர் ஆந்தையார் வருவார், அவருக்கும் இடம் ஒதுக்குங்கள் என்றான். கண்டு பழகாத நட்பு அது. உடனிருந்தோர் ஐயுற்றனர். செல்வம் உள்ள காலத்தில் வாராவிடினும் அல்லற் காலத்தில் நில்லாது வருவார் என்று மன்னன் உறுதியாகக் கூறினான். பிசிராந்தையாரும் வந்தார், உடன் வடக்கிருந்தார். இவரே பாண்டியன் அறிவுடைநம்பிக்கு 184-ஆம் பாட்டில் வரி வாங்கும் முறை உரைத்தவர். சிறு நிலத்து நெல்லையும் அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பலநாள் ஆகும். யானை தானே புகுந்தால் நூறு வயலும் அதன் வாயில் புகுவதைவிடக் காலில் மிதிபடுவதே மிகுதி என்றார். ஆள்பவனின் ஆசை அளவிறந்தால் அவனும் உண்ணான், நாடும் கெடும் என்று ஒரு மன்னனுக்கு எடுத்துரைத்தவர், ஆசையை அளந்தறிந்த இன்னொரு மன்னனைத் தேடிச் சென்று உடனமர்ந்தார்.

அரியணைக்காகப் படை திரட்டிய அவ்விரு மக்களின் பெயர்களைப் புறநானூறு கூறவில்லை. பாட்டிலும் இல்லை, பாட்டின் கீழுள்ள குறிப்பிலும் இல்லை. வந்து அமர்ந்த நண்பரின் ஊர்ப்பெயர்கூட இருக்கின்றது.

மன்னனுடைய மற்றொரு நண்பர் பொத்தியார். அவரும் உடன் வடக்கிருக்க விழைந்தார். அப்போது அவர் மனைவி கருவுற்றிருந்தாள். மகன் பிறந்தபின் வா என்று சொல்லி மன்னன் அவரை அனுப்பிவிட்டான். பொத்தியார் உறையூருக்குத் திரும்பி வந்து வெறுமையான அரசவையைக் கண்டார். பல்லாண்டு சோறூட்டி வளர்த்த யானையை இழந்த பாகன், அது நின்ற கட்டுத்தறி பாழாய்க் கிடப்பதைக் கண்டு அழுவது போல அழுதார். அது 220-ஆம் பாட்டு. பின்னர் மீண்டும் சென்று, மன்னன் நடுகல்லாய் நின்ற இடத்தில், எனக்குரிய இடம் எது என்று கேட்டார். அது 222-ஆம் பாட்டு. அதில் மன்னனை அன்பில்லாதவனே என்று கடிந்துவிட்டு, முடிக்கும்போது, புகழை விரும்புகின்றவனே என்று விளிக்கின்றார். போருக்குப் புறப்பட்டபோது எயிற்றியனார் அழைத்த அதே விளி. தன் மக்கள் தன்மேற் படையெடுத்து வந்ததைக் கண்டவன், நண்பனிடம், உன் மகன் பிறக்கட்டும், பிறகு வா என்றிருக்கின்றான்.